காரணம் சொல்லாமல் வாதாடு

அன்புள்ள தம்பி,

பட்டிமன்றத் தலைப்பை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். 'மனிதர் படும் துன்பம் கடவுளின் அன்போடு பொருந்துமா, பொருந்தாதா?' உனக்குப் 'பொருந்தும்' அணி. மாட்டிவிட்டார்கள் அக்கா, கைதட்டல் எல்லாம் எதிரணிக்குத்தான் என்று புலம்பியிருக்கிறாய். நியாயம்தான். அவர்களுக்கு ஒரு குழந்தையின் சாவு போதும். உன் கையில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் நீ அனுப்பிய குறிப்புகளைப் படித்தபோது எனக்கு வந்த கவலை வேறு. அதில் முக்கால்வாசி, துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை.

அந்த வேலையைக் காந்தியே செய்து பார்த்திருக்கிறார். 1934 ஜனவரி 15 அன்று பிற்பகல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். 7,000 பேருக்கு மேல் மாண்டார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாக நம் பக்கம் வந்திருந்தார். 24ஆம் தேதி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். தாகூருக்குப் பொறுக்கவில்லை. தீண்டாமை விஷயத்தில் இருவரும் ஒரே கட்சிதான். இருந்தும் மறுத்து எழுதினார். காந்தி தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே அந்த மறுப்பை வெளியிட்டுப் பதிலும் எழுதினார். (நம் மேடைகளில் எதிரணியின் மைக்கை அணைக்காமல் இருந்தாலே பெரிய விஷயம்.) பூமி குலுங்கியதற்குப் பூமியில்தான் காரணம் தேட வேண்டும் என்றார் தாகூர். செத்தவர்களில் பச்சைக் குழந்தைகள் உண்டு, தீண்டாமையால் ஒதுக்கப்பட்டவர்களே உண்டு. எங்கோ தூரத்தில் பத்திரமாக இருக்கும் பாவிகளுக்குப் புத்தி வர இவர்களைப் பலி கொடுப்பதா என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார்: இதே வாதத்தை எதிராளிகள் எடுத்து, காந்தியின் இயக்கத்தால்தான் தெய்வக்குற்றம் நேர்ந்தது என்று சொல்லியிருந்தாலும் தமக்கு வியப்பு இல்லை என்று. அந்த இடத்தை இரண்டு முறை படி. உன் குறிப்பில் உள்ள 'முன்வினை'க்கும் 'இறைவன் வைக்கும் சோதனை'க்கும் அதே கதிதான்.

லிஸ்பன் நிலநடுக்கத்தை எதிரணி நிச்சயம் எடுக்கும். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலைப் பூசைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் கோயில்களே இடிந்து விழுந்தன. வோல்தேர் அதை வைத்துக் கவிதை எழுதினார். 1759இல் 'காந்தீத்' நாவலிலும் அந்த நிலநடுக்கம் வருகிறது. நீ ரூசோவை வைத்துக்கொள். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று 1756இல் வோல்தேருக்கே கடிதம் போட்டார். நல்ல அடி. ஆனால் பாதித் தூரம்தான் போகும். மனிதன் செய்த கொடுமைக்கும் அசட்டைக்கும் மனிதனைக் கைகாட்டலாம். பிறந்த மூன்றாம் நாள் குழந்தைக்கு வருகிற நோய்க்கு எந்த மேஸ்திரியைப் பிடிப்பாய்?

இனி என் கதை. கடலோர ஊர் ஒன்றில், இதே தலைப்பு, இதே அணி. மருத்துவரின் கத்தி என்ற உவமையை எடுத்தேன். குழந்தை அலறுகிறது, கத்தி கீறுகிறது, கீறுகிற கையில் அன்பு இருக்கிறது என்று இழுத்துச் சொல்லி நிறுத்தினேன். கைதட்டல் அடங்கவே நேரம் ஆனது. எல்லாம் முடிந்து வண்டிக்குக் காத்திருந்தபோது மைக்செட் அண்ணன் வயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். "நல்லா பேசுனீங்க தங்கச்சி. ஆனா இதை எங்க வீட்ல போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார். ஏன் என்றேன். "எங்க பையன் சுனாமியில போனான்." அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கப் போய்விட்டார்.

உவமையின் கோளாறு ஊர் வந்து சேருவதற்குள் பிடிபட்டது. மருத்துவர் கீறுவது அந்தக் குழந்தை பிழைக்க. இந்தப் பையன் போனது யார் பிழைக்க? அவன் அம்மா பாடம் படிக்கவா? தாகூர் கேட்ட கேள்விதான்.

அறக்கருணை, மறக்கருணை என்று சைவத்தில் இரண்டு உண்டு. தண்டிப்பதும் அருள்தான் என்பது இரண்டாவது. உன் குறிப்பில் அப்பரின் சூலைநோயை இதற்குச் சான்றாக எழுதியிருக்கிறாய். திருவதிகைப் பதிகத்தை எடுத்துப் பார். எமனாக வந்த நோயை விலக்காமல் இருக்கிறீரே, நான் செய்த கொடுமை என்னவென்றே எனக்குத் தெரியவில்லையே என்றுதான் தொடங்குகிறார். நோயைத் தந்தவன் சிவன் என்று காரணத்தோடு சொல்வது பல நூற்றாண்டு கழித்து வந்த சேக்கிழார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பவருக்குக் காரணம் தெரியவில்லை; கதை சொல்பவருக்குத் தெரிகிறது. நாமோ எப்போதும் சேக்கிழார் நாற்காலியில்தான் உட்காருகிறோம், அவருடைய பக்தி இல்லாமல்.

அப்பரின் அக்கா திலகவதியாரும் 'இது அவன் அருள்' என்றாரே என்று கேட்பாய். சொல்கிறார். சொல்வது யார்? தாய் தந்தையை இழந்து, மணம் பேசியவர் போரில் மாண்டு, தாமும் உயிர்விடத் துணிந்து, தம்பிக்காக அதை நிறுத்தி வைத்தவர். சொன்னதோடும் விடவில்லை. திருநீறு கொடுத்து, துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, விடியுமுன் கோயிலுக்குக் கூடவே அழைத்துப் போகிறார். உன் அணி நிற்க இடம் அதுதான். காரணம் எனக்குத் தெரியாது என்று முதலிலேயே ஒத்துக்கொள். நியாயமா என்று கேட்கிறவன், கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதாக நம்புகிறான். பார்வை போன சுந்தரர் ஏசியதும் அந்த உரிமையில்தான் என்று சொல். பைபிளில் வரும் யோபுவையும் சேர்த்துக்கொள். நண்பர்கள் மூவர் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி, விளக்கம் சொல்லப் போய்த்தான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

'ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாமே' என்று எதிரணி திருப்பும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நடுவராக இருந்தால் அந்த இடத்தை அவர்களுக்குத்தான் கொடுப்பேன். நீயும் சிரித்து மழுப்பாதே.

எட்டாவது நிமிடம் மணி அடித்துவிடுவார்கள். திலகவதியாரின் துடைப்பம் ஆறாவது நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். மருத்துவர் உவமையை அடித்துவிட்டு, குறிப்பை வியாழக்கிழமைக்குள் திரும்ப அனுப்பு. பேருந்தில் போனை நோண்டாமல் தூங்கு, தொண்டை கட்டிக்கொள்ளும்.

அன்புடன்,
அக்கா