முதல் நூலும் பொறுமையும்

நூலொன்றை எழுதி முடித்தல் ஒரு முயற்சி. அஃது அச்சேறி வெளிவருமளவும் காத்திருத்தல் மற்றொரு முயற்சி. முன்னதற்குக் கல்வியும் கற்பனையும் துணைபுரியும். பின்னதற்கு அவை போதா. கதை புனையும் ஆர்வமுடைய மாணவர் சிலர் நம் கல்லூரியிலும் உளராதலின், ஆங்கில நாவலாசிரியருள் தலைசிறந்தோருள் ஒருவராகிய ஜேன் ஆஸ்டின் அம்மையார், தம் முதல் நூலை அச்சிற் காண எங்ஙனம் காத்திருந்தார் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வம்மையார் 1775-ஆம் ஆண்டில், ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஸ்டீவென்டன் என்னும் சிற்றூரில், அவ்வூர்க் குருவானவரின் மகளாய்ப் பிறந்தார். இருபத்தொரு வயதில் நாவலொன்றை எழுதி முடித்தார். 1797 நவம்பரில் அவர் தந்தையார், லண்டன் மாநகரிற் பேர்பெற்ற பதிப்பாளராயிருந்த கடெல் என்பவருக்கு அதுகுறித்துக் கடிதம் விடுத்தார். கையெழுத்துப் பிரதியைக் கண்ணாற் பாராமலே, மறு தபாலில் மறுப்பு வந்தது.

மறுப்பு கொடிதே, எனினும் மறுப்பினும் கொடியது மௌனம். 1803-இல் 'சூசன்' என்னும் மற்றொரு நாவலை கிராஸ்பி கம்பெனியார் பத்துப் பவுன் கொடுத்து வாங்கினர். விரைவில் வெளிவருமென்று விளம்பரமும் செய்தனர். நூலோ வெளிவரவில்லை. இதனிடையே 1805-இல் தந்தையார் காலமானார். தாயும் புதல்வியரும் நிலையான இல்லமின்றிப் பல இடங்களில் வாழ்ந்தனர். புதிதாய்த் தொடங்கிய நாவலொன்றும் முற்றுப்பெறாது நின்றது.

ஆறாண்டுகள் கழிந்தபின், 1809 ஏப்ரலில், அம்மையார் புனைபெயரில் ஒரு கடிதம் வரைந்தார்; பிரதி தொலைந்துபோயிருப்பின் வேறொன்று அனுப்புவதாகவும், வெளியிட மனமில்லையேல் தாம் பிறரை நாடப்போவதாகவும் அதில் அறிவித்தார். இன்ன காலத்துள் வெளியிடுவோமென்று தாங்கள் உடன்படவில்லை. பிறர் வெளியிட்டால் வழக்குத் தொடுப்போம். வேண்டுமாயின் அதே பத்துப் பவுனைத் தந்து பிரதியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று விடை வந்தது. அம்மையார் அப்போது அதனை மீட்டிலர்.

அவ்வாண்டு ஜூலையில் சாட்டன் என்னும் ஊரிலே நிலையான இல்லம் கிட்டியது. கைவிட்டுப்போன நூலை எண்ணி ஏங்காது, தம் கைவசமிருந்த பழைய பிரதியொன்றைத் திருத்தலானார். அதுவே 'சென்ஸ் அண்டு சென்ஸிபிலிட்டி'. எகர்ட்டன் என்பவர் அதனை வெளியிட இசைந்தார். ஆனால் செலவும் நட்டமும் ஆசிரியரைச் சாரும். பதிப்பாளர் தரகு மட்டும் பெறுவர். நட்டம் நேருமென்றே அஞ்சிய அம்மையார், அதற்காகத் தம் சிறு வருவாயிலிருந்து பணம் ஒதுக்கி வைத்தார். 1811 ஏப்ரலில் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஜூனில் நூல் வருமென்ற நம்பிக்கையும் குறைந்திருந்தது. அக்டோபர் இறுதியில்தான் வெளிவந்தது. தலைப்பேட்டில் அவர் பெயரில்லை. 'ஒரு மாது எழுதியது' என்றே காணப்பட்டது. கடெலின் மறுப்பு வந்து பதினான்கு ஆண்டுகள் சென்றிருந்தன.

1813 ஜூலைக்குள் முதற்பதிப்பு முழுதும் விற்று, 140 பவுன் இலாபம் தந்தது. கடெல் காண மறுத்த கதையும் திருத்தமுற்று, 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' என அவ்வாண்டு ஜனவரியிலேயே வெளிவந்திருந்தது.

'சூசன்' யாதாயிற்று? 1816-இல் அவர் சகோதரர் பத்துப் பவுன் செலுத்தி அதனை மீட்டார். பதின்மூன்றாண்டுகளில் ஊர்களும் பழக்கவழக்கங்களும் நூல்களும் மாறிவிட்டன என்பதைக் கருத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டி ஒரு முன்னுரை எழுதினார் அம்மையார். 1817 ஜூலையில் அவர் மறைந்தார். 'நார்த்தாங்கர் அபி' என்னும் பெயருடன் அந்நூல் வெளிவந்தது அவ்வாண்டு டிசம்பரில்.

இவ்வரலாற்றால் நாம் அறிவன மூன்று. முதலாவது, பிரதியை ஒப்புவிக்குமுன் வெளியிடுங் காலத்தையும், தவறினால் உரிமை யாரைச் சேருமென்பதையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். பத்துப் பவுன் பெற்றவர் அவ்வொரு வரியைப் பெறாமையால் பதின்மூன்றாண்டுகள் இழந்தார். இரண்டாவது, பொறுமை என்பது வாளாவிருத்தலன்று. உரிய காலத்தில் வினவுதலும், கையிலுள்ள மற்றொன்றைச் செப்பம் செய்தலுமே பொறுமையாம். மூன்றாவது, தாமதத்தால் விளையும் கேடு யாவும் பொறுமையால் நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. 'சூசன்' அச்சேறியதை அதன் ஆசிரியர் கண்டிலர். ஆயினும், அவர் அவ்வொரு நூலையே நம்பியிருந்திருப்பின், வேறெந்த நூலையுங் கண்டிருக்கமாட்டார்.

ஆகவே, பதிப்பாளரின் விடைக்குக் காத்திருக்கும் மாணவர், அடுத்த கதையின் முதல் ஏட்டை இன்றே எழுதத் தொடங்குவாராக.