நம் கடற்கரை ஊரின் அங்காடிகள்

முன்னுரை

கடலோரத்தில் வாழ்வோருக்கு உணவுக்கு என்ன குறை என்று உள்நாட்டில் உள்ளோர் கேட்பதுண்டு. வலை நிறைய மீன் வரும்போது அவர்கள் எதை விலை கொடுத்து வாங்கப் போகிறார்கள் என்று எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. உழவர் வீட்டில் அறுவடைக்குப் பின் நெல் இருக்கும். தோட்டத்தில் வாழையும் காயும் இருக்கும். மீனவர் வீட்டிலோ மீனைத் தவிர மற்ற யாவும் விலைக்கு வாங்கப்படுவனவே. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், தேங்காய், காய்கறி ஆகிய அனைத்தும் வெளியிலிருந்து வரவேண்டும். அம்மீனும் ஒரு நாளைக்கு மேல் தங்காது.

ஆகவே கடற்கரைச் சிற்றூரில் மக்கள் உணவுப் பொருள்களை எங்கே வாங்குகின்றனர் என்பது சிறிய கேள்வி அன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், முட்டம், கடியபட்டணம் தொடங்கிக் குளச்சல் வரையுள்ள ஊர்களை மனத்தில் கொண்டு அதனை ஆராய்வோம்.

பழங்காலப் பண்டமாற்று

நெய்தல் நிலத்துப் பெண்கள் மீனையும் உப்பையும் கொடுத்து நெல்லைப் பெற்றதைச் சங்க இலக்கியம் கூறுகிறது. அவ்வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நம் பாட்டிமார் காலத்திலும் மீன் கூடையைச் சுமந்து உள்ளூர்களுக்குச் சென்ற பெண்கள், காசுக்குப் பதிலாக மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் புளியும் பெற்றுத் திரும்பினர்.

மரச்சீனி நம் மண்ணின் பழம்பயிர் அன்று. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் சாகுபடியைப் பரப்பினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்த ஆட்சிப் பகுதியோடு சேர்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, ஏழை மக்களின் உயிரைத் தாங்கியது இக்கிழங்கே. கிழங்கும் சாளை மீன் கறியும் இணைந்த உணவு இன்றும் நம் வீடுகளில் இருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

முதல் அங்காடி: கடற்கரை

கடற்கரை ஊரின் முதல் அங்காடி மணற்பரப்பே. படகு கரை சேர்ந்ததும் வீட்டுக் கறிக்கெனச் சிறிது மீன் எடுத்துக்கொள்வர். மீதி ஏலத்திற்குப் போகும். பெரிய மீன்களான நெய்மீனும் வாளையும் வெளியூர் வியாபாரிகளின் பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏறிவிடும். சாளை, நெத்திலி போன்றவற்றைப் பெண்கள் கூறு கூறாக எடுத்து விற்பனைக்குக் கிளம்புவர். படகில்லாத வீட்டாரும் கைம்பெண்களும் தங்கள் கறிக்கு மீனை இங்கேயே வாங்குவர்.

இந்த ஏலத்திற்கும் நம் அடுப்பிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்தவர், அப்படகின் மீனைத் தாமே ஏலம் விட்டுத் தரகு எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். ஒரு நாள் மீன் 4,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 5 வீதம் தரகு என்றால் 200 ரூபாய் கழிந்தது. ஆண்டில் 200 நாள் தொழில் நடந்தால் 40,000 ரூபாய் தரகாகவே போய்விடும். வாங்கிய முன்பணமோ ஒரு ரூபாயும் குறையாமல் அப்படியே நிற்கும்! அந்த 40,000 ரூபாயில் எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்நிலையை மாற்றவே ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் எழுந்தன. மீனைச் சங்கமே ஏலம் விட்டது. விலையில் ஒரு பகுதியைச் சேமிப்பிலும் கடனிலும் வரவு வைத்தது. இத்தகைய சங்கங்களை இணைக்கும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-இல் தோன்றியது. கரையில் நியாயமான விலை கிடைத்தால்தான் கடையில் கை நீட்டிக் கடன் கேட்க வேண்டியிராது.

இரண்டாம் அங்காடி: சந்தை

நம் மாவட்டத்தில் சந்தையால் பெயர் பெற்ற ஊரே உண்டு. இரணியலுக்கு அருகிலுள்ள திங்கள்சந்தை என்னும் பெயரே வாரச் சந்தையை நினைவூட்டுகிறது. நாகர்கோவிலில் கோட்டாறும் வடசேரிக் கனகமூலம் சந்தையும் நெடுங்காலப் பெயர் பெற்றவை. வாழைக்குலைகளில் மட்டும் எத்தனை வகை! மட்டி, செவ்வாழை, ஏத்தன், இரசகதலி என அடுக்கிக்கொண்டே போகலாம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமையே.

சந்தைக்குச் செல்பவர் பெரும்பாலும் மீன் விற்கும் நம் தாய்மாரே. மீனை விற்ற காசில் அங்கேயே காய்கறியும் கிழங்கும் வாங்கி, வெறுங்கூடையை நிறைகூடையாக்கி வீடு திரும்புவர். விற்பதும் வாங்குவதும் அவர்களுக்கு ஒரே பயணம். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பு பேருந்துக்குச் செலவான காசு இன்று கத்தரிக்காயாகவும் கீரையாகவும் வீட்டிற்கு வருகிறது.

ஆயினும் கட்டணம் நீங்கினால் மட்டும் போதாது. அதே 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்மணி ஒருவரை, வாடை வீசுகிறது என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டனர். நாடே அதனை அறிந்தது, முதலமைச்சரும் கண்டித்தார். தம் உழைப்பால் பலர் வீட்டுச் சட்டியில் கறி கொதிக்கச் செய்பவருக்கு ஓர் இருக்கை மறுக்கப்படலாமா? மீன் வாடை உழைப்பின் வாடை. அதற்கு நாணவேண்டியது நாம் அல்லோம்.

மூன்றாம் அங்காடி: பலசரக்குக் கடை

தெருமுனைப் பலசரக்குக் கடையில் ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூளும் வாங்கலாம். கையில் காசில்லாத நாளில் பற்று எழுதியும் வாங்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றால் அலை உயர்ந்து, படகு இறக்க முடியாத நாள்கள் பல. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கடலுக்குச் சென்ற பலர் திரும்பவே இல்லை. பல வீடுகளில் அடுப்பு எரியக் கடைக்காரர் பற்றுநோட்டும் அக்கம்பக்கத்தார் அன்புமே துணை நிற்கும் காலங்கள் இவை.

பற்று ஓர் உதவிதான். ஆனால் கடன்பட்டவர் விலை பேச முடிவதில்லை. எடை குறைந்தாலும் வேறு கடைக்குப் போக முடிவதில்லை. ஆதலின் நோட்டில் எழுதுவதைக் கடைக்காரரிடம் மட்டும் விட்டுவிடாமல், நம் வீட்டிலும் ஒரு நோட்டு வைத்து எழுதிவருதல் நலம். இதனைச் செய்யப் பள்ளியில் படிக்கும் நம்மைவிடத் தகுந்தவர் யார்?

நான்காம் அங்காடி: ரேஷன் கடை

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அப்பருப்பின் வெளிக்கடை விலை மும்மடங்குக்கும் மேல். கடல் மூடிக்கிடக்கும் மாதத்தில் இக்கடையே குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காக்கிறது. வரிசையில் நிற்கச் சலித்து, பருப்பை விட்டுவிட்டு வருவோர் உண்டு. அது நம் உரிமையை நாமே கைவிடுவதாகும்.

எதை வாங்குவது?

எங்கே வாங்குகிறோம் என்பதுபோல எதை வாங்குகிறோம் என்பதும் முக்கியம். மரச்சீனியிலும் தீட்டிய அரிசியிலும் மாவுச்சத்து மிகுதி. கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அக்குறையை நிறைப்பது மீன். விலை மலிந்த சாளையில் புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு. நெத்திலியை முள்ளோடு உண்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பெரிய மீனை விற்றுச் சிறிய மீனை உண்கிறோமே என்று வருந்த வேண்டியதில்லை.

நம் தட்டில் பெரும்பாலும் குறைவது கீரையும் காயும் பழமுமே. மணற்பாங்கான முற்றத்திலும் முருங்கையும் பப்பாளியும் வளரும். அவற்றை வளர்த்தால் வீட்டு வாசலே ஐந்தாம் அங்காடி ஆகும்! மீன் மிகுதியாய் வரும் நாளில் உப்பிட்டு உலர்த்திய கருவாடு, மீன் இல்லா நாளுக்கு உதவும். பளபளக்கும் தாளில் அடைத்துத் தொங்கவிட்ட நொறுக்குத் தீனிக்கு நாள்தோறும் பத்து ரூபாய் கொடுத்தால் மாதம் 300 ரூபாய் ஆகிறது. ரேஷன் விலையில் அது பத்துக் கிலோ பருப்பின் விலை என்பதை மறவாதிருப்போம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! மணல், சந்தை, பலசரக்குக் கடை, ரேஷன் கடை ஆகிய நான்கையும் சுற்றி வந்தோம். நான்கிலும் நடந்து தேய்ந்தவை பெரும்பாலும் தாய்மாரின் கால்களே. கடலில் உயிரைப் பணயம் வைப்பவர் தந்தை; அவர் கொண்டுவந்ததை அரிசியாகவும் பருப்பாகவும் மாற்றுபவர் தாய். கணக்குப் பாடத்தில் நாம் கற்கும் வட்டியும் சதவீதமும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. பற்றுநோட்டைச் சரிபார்ப்போம், எடையைக் கவனிப்போம், ரேஷன் வரிசையில் அம்மாவுக்குப் பதிலாக ஒரு நாள் நாம் நிற்போம். கூடை சுமந்து வரும் தாயைக் கண்டால் பேருந்தில் எழுந்து இடம் தருவோம். நாம் கற்ற கல்வி அவ்விதம் நம் வீட்டு உலைக்கும் உதவட்டும்.