டெல்டா பாதுகாப்புச் சட்டம்: எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

"டெல்டாவைத்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சாச்சே, இனி என்ன பயம்?" என்று கேட்கிற உழவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான், 2013 டிசம்பரில், நம்மாழ்வார் ஐயா மறைந்தார். போராட்டம் ஓயவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது.

எந்தப் பகுதிக்கு? தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுதும். கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தலா 5 ஒன்றியங்கள். திருச்சியும் கரூரும் அரியலூரும் அப்போது விடுபட்டன.

எதைத் தடுக்கும்? எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுக்கும் புதிய வேலைகள், இரும்பாலை, செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், கப்பல் உடைக்கும் தொழில். 2023 ஏப்ரலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, மாநில அரசு இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் எதிர்த்தது. சில நாட்களிலேயே வடசேரி பட்டியலிலிருந்து நீங்கியது.

எதைத் தடுக்காது? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை. சாலை, குழாய்ப்பாதை, துறைமுகம் போன்றவற்றை. முக்கியமாக, பக்கத்து வயல் மனைக்கட்டாக மாறுவதை.

இங்கேதான் நமக்கு அடி. வயலுக்கு வயல் தண்ணி பாயுற ஊரில், நடுவில் ஒருத்தர் மண்ணடிச்சு மேடாக்கினால் கடைமடைக்காரருக்கு மடையும் போச்சு, வடிகாலும் போச்சு. பத்து வருஷம் தக்கைப்பூண்டு மடக்கி உழுது தேற்றிய மண்ணாக இருந்தாலும், தண்ணி வராமல் சம்பா ஏது?

மனைக்கட்டுக்குப் பொருந்துவது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்ற, அதன் 47-ஏ பிரிவுப்படி, நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவோடு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். ஆக, சொல்ல வேண்டியதைக் கல் ஊன்றும் முன்பே சொல்லணும்.

நாம் செய்யக்கூடியது:

1. புல வரைபடம், அ-பதிவேடு இரண்டையும் எடுத்து, ஊரின் பாசன வாய்க்கால், வடிகால்களை சர்வே எண்ணோடு குறித்து வையுங்கள்.

2. அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்து, "இவற்றை அடைக்கும் எந்த நில மாற்றத்துக்கும் இசைவு இல்லை" என்று தீர்மானம் கேளுங்கள். நகலை வாங்கி வையுங்கள்.

3. நில மாற்ற மனு ஏதும் வந்திருக்கிறதா என்று ஊராட்சியில் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள்.

பெரிய குழாய்க்கு எதிராக ஒரு சட்டம் கிடைத்தது. சின்ன வாய்க்காலைக் காக்கும் காவல் இன்னும் நம்ம கையில்தான் இருக்கு.