பயாஸ் அப்டேட் செய்யலாமா?

"பயாஸ் அப்டேட் செய்யவா?" என்று லேப்டாப் கேட்கிறது. என்ன செய்வது?

மதர்போர்டு சிப்பில் இருந்துகொண்டு, விண்டோஸ் வருமுன் கம்ப்யூட்டரை எழுப்பும் புரோகிராம்தான் பயாஸ். அப்டேட் பாதியில் நின்றால் லேப்டாப் எழாமலே போகலாம். எனவே அப்டேட்டுடன் தரும் குறிப்பை முதலில் படியுங்கள். பாதுகாப்புக் குறையோ, உங்களுக்குத் தொல்லை தரும் கோளாறோ சரி செய்யப்பட்டிருந்தால் மட்டும் நான் அப்டேட் செய்வேன். அதுவும் ஓரிரு வாரம் பொறுத்து! 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் குறைக்காக வந்த அப்டேட்கள் சில கம்ப்யூட்டர்களைத் தாமாகவே ரீஸ்டார்ட் ஆக வைத்தன. அவற்றை நிறுத்தி வைக்கும்படி இண்டெல் நிறுவனமே அறிவித்தது.

கிராபிக்ஸ் கார்டுக்கும் வி-பயாஸ் என்று ஒன்று உண்டு. டிரைவர் வேறு, இது வேறு. டிரைவர் ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடலாம். இது கெட்டால் திரையில் எதுவுமே வராமல் போகலாம். ஒரே கார்டு என்றாலும் அதற்குத் தரப்படும் மின்சார அளவு லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். ஆகவே உங்கள் மாடலுக்கென லேப்டாப் நிறுவனம் தருவதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

சார்ஜரை மாட்டுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அப்டேட் முடிந்ததும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். இடையில் திரை கறுத்தாலும் பவர் பட்டனைத் தொடாதீர்கள்.