நெஞ்சுச் சுவர்ப் புற்றைக் கண்டறிதல்

விலா எலும்பு, மார்பெலும்பு, குருத்தெலும்பு, தசை ஆகியவை சேர்ந்ததே நெஞ்சுச் சுவர். அங்கே தோன்றும் கட்டியை விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணித் தைலம் தேய்த்துக் காலம் கடத்துவோர் உண்டு. வாரக்கணக்கில் வளரும் கட்டியைப் படமெடுத்துப் பார்த்தே தீர வேண்டும்.

முதலில் எடுப்பது எக்ஸ்ரே. ஆனால், அதில் சிறிய கட்டி விலா எலும்புகளின் நிழலில் மறைந்துவிடலாம். சி.டி. ஸ்கேன் எலும்பு அரிப்பையும் சுண்ணாம்புப் படிவையும் தெளிவாகக் காட்டும். பிற உறுப்பிலிருந்து பரவாமல் இங்கேயே தோன்றும் எலும்புப் புற்றுகளில், பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது காண்ட்ரோசார்கோமா. விலாவும் குருத்தெலும்பும் சேரும் இடத்திற்கு அருகே இது பெரும்பாலும் எழும். சுண்ணாம்பு வளையங்களாகத் தெரியும். சிறுவரிடமும் இளையரிடமும் யூயிங் சார்கோமாவை மறக்கலாகாது. தசை, நரம்பு, எலும்பு மச்சை ஆகியவற்றுள் கட்டி எவ்வளவு ஊடுருவியுள்ளது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

எனினும், படம் கட்டியின் எல்லையைச் சொல்லும். அதன் பெயரை உறுதிசெய்வது திசு ஆய்வே. ஊசி செல்லும் வழியில் புற்றணுக்கள் சிந்தக்கூடும். ஆகவே, பின்னர் அறுவையில் அகற்றப்படும் பகுதிக்குள்ளேயே அவ்வழி அமைய வேண்டும். ஊசி குத்துவதற்கு முன்பே அறுவை மருத்துவரைக் கலந்து பேசுவது இதனால்தான்.