சிலம்பும் செங்கோலும்: சிக்கனமாகச் செய்யும் நாடக அணிகள்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. நாடக மேடையில் அந்த ஆடையிலும் ஒரு பாதி அணிகலன்களுக்கு உரியது. முடி இல்லாத மன்னனையும் சிலம்பு இல்லாத கண்ணகியையும் அவையோர் ஏற்கமாட்டார்கள். ஆனால் முடியும் சிலம்பும் வாடகைக்குத்தான் வரவேண்டும் என்று எண்ணி, நன்றாக நடிக்கக்கூடிய மாணவர் சிலர் செலவுக்கு அஞ்சி மேடையை விட்டே ஒதுங்கிவிடுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எங்கள் வகுப்பு மாணவர்கள் நாடகமாக நடித்தபோது, அணிகலன் செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அப்போது செய்து பயன்கண்ட முறைகளை இங்கே எழுதுகிறேன்.

முன்னோர் காட்டிய வழி

மேடை அணிகலன் பொன்னால் ஆவதன்று. தெருக்கூத்துக் கலைஞர் அணியும் கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்படுபவை. எடை குறைந்த மரமாதலால் இரவு முழுவதும் ஆடுபவரின் கழுத்தும் தோளும் அதைத் தாங்கும். அதன்மேல் வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுவர். விளக்கொளி பட்டு அவை கடைசி வரிசை வரையில் மின்னும்.

மதுரையில் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவிய சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் இன்றும் நம் வட்டாரத்துத் திருவிழாக்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் நடைபெறுகின்றன. அவற்றில் நடிப்போர் தத்தம் உடைகளையும் அணிகளையும் தாமே கொண்டுவருகின்றனர்.

சிலப்பதிகாரத்திலேயே ஒரு சான்று உண்டு. ஆடல் மகளிர் பெறும் தலைக்கோல் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அரங்கேற்று காதை கூறுகிறது. தோற்ற மன்னரிடமிருந்து கைப்பற்றிய வெண்குடையின் காம்பை எடுத்து, கணுக்களில் நவமணி பதித்து, கணுக்களின் இடையே பொன் தகட்டைப் பொதிந்தனர். உள்ளே இருப்பது ஒரு குடைக்காம்பே! நாம் பொன் தகட்டுக்குப் பதிலாகத் தங்க நிறத் தாளைச் சுற்றுகிறோம், முறை ஒன்றுதான்.

ஆகவே மேடை அணிகலனுக்கு இலக்கணம் மூன்று. தொலைவிலிருந்து தெரிய வேண்டும். அணிபவருக்குச் சுமையாகக் கூடாது. கதையில் தனக்குரிய வேலையைச் செய்ய வேண்டும். விலை இந்த மூன்றில் ஒன்றன்று.

பசையும் பொருள்களும்

பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, சணல், மூங்கில் கம்பு ஆகியவை வீட்டிலும் விடுதியிலும் கிடைக்கும். மைதா, தங்க நிறத் தாள், தங்க வண்ணம் மட்டும் வாங்கினால் போதும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் பூணுவோருக்கு உடை தைக்கும் கடைகள் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியுள்ளன. அங்கே வெட்டி மிஞ்சும் சரிகைத் துண்டுகளைக் கேட்டுப் பெறலாம். பசைக்கு ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, கிளறிக் காய்ச்சி ஆறவிட வேண்டும்.

உடையும் சிலம்பு

வழக்குரை காதையின் உயிர் சிலம்பில் இருக்கிறது. கண்ணகியின் கையில் ஒன்று. கோவலனிடமிருந்து பறித்து அரசன்முன் வைக்கப்பட்டது மற்றொன்று. இரண்டும் இரட்டையர்போல் இருக்க வேண்டும். ஒன்று உறுதியானதாகவும் மற்றொன்று உடையக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பலகைமேல் களிமண்ணால் ஆறு அங்குல அகலமுள்ள ஒரு வளையம் செய்க. அது கட்டைவிரல் பருமனில், அடிப்புறம் தட்டையாக, மேற்புறம் உருண்டையாக இருக்கட்டும். முதல் அடுக்குத் தாளை வெறும் நீரில் நனைத்து அதன்மேல் படிய வைக்க வேண்டும். அப்போதுதான் ஓடு அச்சில் ஒட்டாது. பிறகு பசை தடவிய தாள் கீற்றுகளை ஐந்து அடுக்காக ஒட்டுக. இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் ஓடு தனியே கழன்றுவரும். இவ்வாறு நான்கு ஓடுகள் செய்து, ஒவ்வொன்றின் மேலும் தங்க நிறத் தாளை ஒட்டுக.

இரண்டு ஓடுகளுக்குள் பரல் இட்டு, விளிம்பு முழுவதும் ஒட்டினால் உறுதியான சிலம்பு ஆயிற்று. மற்ற இரண்டை நான்கே இடங்களில் மெல்லிய தாள் துண்டால் இணைத்தால் போதும். தரையில் ஓங்கி எறிந்ததும் அது இரண்டாகப் பிளந்து பரல்கள் தெறிக்கும். மறுநாள் ஒத்திகைக்கு மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். சுடாத மண்ணில் செய்தாலும் உடையும்; ஆனால் சில்லுகள் வெறுங்காலில் குத்தும்.

மாணிக்கப் பரலுக்குச் சிவந்த மஞ்சாடி விதை மிகப் பொருத்தம். குன்றிமணியைத் தவிர்க்க வேண்டும், அது நஞ்சு. பதினைந்து விதைகள் போதும். மேடையில் ஜமுக்காளம் விரித்தால் அவை உருண்டோடி யாரையும் வழுக்கிவிடமாட்டா. சிலம்பை அரசன் முகத்தை நோக்கி எறியாமல் அவன் காலடிக்கு முன்னே எறிய வேண்டும். பரல் தன் வாயில் பட்டதாக அரசன் நடித்துக்கொள்வான்.

முடி, செங்கோல், குடை

நடிகரின் தலைச் சுற்றளவை நூலால் அளந்து, ஒட்டுவதற்கு இரண்டு விரற்கடை கூட்டிக்கொள்க. அட்டைப்பெட்டியின் உள்வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டினால், அட்டை மடிந்து முறியாமல் வட்டமாக வளையும். பசையில் தோய்த்த சணலால் கொடியும் பூவும் வரைந்து, காய்ந்தபின் தங்க வண்ணம் பூசுக. பள்ளங்களில் சிறிது பழுப்பு நிறம் தடவினால் பூ வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். உட்புறம் பழந்துணி ஒட்டினால் வியர்வையில் அட்டை ஊறாது.

செங்கோலுக்கு மூன்றடி மூங்கில் போதும். கணுக்களில் சணல் சுற்றித் தங்க நிறத் தாள் ஒட்டலாம். பழைய குடையின் கருப்புத் துணியை நீக்கி வெள்ளை வேட்டித் துணி தைத்தால் அதுவே வெண்கொற்றக்குடை. தன் தவற்றைப் பாண்டியன் உணரும்போது குடை சாய்வதாகவும் கோல் தளர்வதாகவும் இளங்கோவடிகள் பாடுகிறார். எனவே குடை பிடிப்பவர் அதை மெல்லச் சாய்க்க, அரசன் கையிலிருந்து கோல் நழுவி விழ வேண்டும். மூங்கில் விழும் ஓசை அவையை ஒரு கணம் அமைதியாக்கும். அந்த ஓசையை வாடகைக்கு வாங்க முடியாது.

முடிவுரை

விழா முடிந்ததும் இவற்றைக் குப்பையில் எறிந்துவிடலாகாது. ஈரம் படாமல் துணியில் சுற்றித் துறை அலமாரியில் வைத்தால் அடுத்த ஆண்டு மாணவருக்கு உதவும். அவர்கள் பழுது பார்ப்பார்கள், புதியன சேர்ப்பார்கள். சில ஆண்டுகளில் ஒவ்வொரு துறைக்கும் தனக்கென ஓர் அணிகலப் பெட்டி அமைந்துவிடும். அதன்பின், நடிக்க விரும்பும் மாணவரிடம், “வசனம் மனப்பாடமா?” என்று கேட்டால் போதும், “கையில் பணம் இருக்கிறதா?” என்று கேட்க வேண்டியிராது.