இயல்பா, பழக்கமா?

பெண்ணுக்கு ஓட்டம் இயல்பன்று என்பார் இன்றும் உளர். இயல்பு எது, பழக்கம் எது என்று பிரித்தறிந்த பின்னரே அவ்வாறு கூறுதல் தகும். ஒரு வரலாற்றுச் செய்தியைக் கொண்டு இதனை ஆராய விரும்புகிறேன்.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக ஓட்டப் பந்தயங்களில் கலந்துகொண்டனர். 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்று உலகச் சாதனை படைத்தார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பதின்மரும் எல்லையைக் கடந்தனர். ஆனால் பத்திரிகைகள் சில எழுதியது என்ன? பெண்கள் பலர் பாதியிலேயே மயங்கி விழுந்தனர் என்று! ஓடி முடித்தவர் களைத்துத் தரையில் சாய்வது ஆடவர் ஓட்டத்திலும் காண்பதே. ஆடவன் சாய்ந்தால் அது முயற்சியின் அடையாளம். பெண் சாய்ந்தால் அது பலவீனத்தின் சான்று! முடிவில் அப்பந்தயமே நீக்கப்பட்டது. 1960-இல் ரோம் நகரில்தான் மீண்டும் இடம்பெற்றது. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, ‘உள்ளே வர யாருக்கும் விருப்பமில்லை’ என்பது போன்றதல்லவா இது?

இப்பூட்டு விதிகளில் மட்டும் இல்லை, உடலிலும் ஏறிவிடுகிறது. அமெரிக்க மெய்யியல் அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1980-இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை விளக்கினார். சிறுமியர் பலர் பந்தெறியும்போது கையை மட்டுமே அசைக்கின்றனர். தோளும் இடுப்பும் காலும் துணைக்கு வருவதில்லை. இது பிறவிக் குறை அன்று. உடலைப் பயன்படுத்தும் வாய்ப்பின் குறைவும், பிறர் பார்வைக்கு அஞ்சி உடலை ஒடுக்கும் பழக்கமுமே காரணம் என்பது அவர் கருத்து. ‘அடக்கமாக நட, அதிர ஓடாதே’ என்ற சொற்களைக் கேட்டே நானும் வளர்ந்தேன். தன் உடலை நம்பாதவள் பந்தை எவ்வாறு நம்பி எறிவாள்?

வாய்ப்பு வந்தால் நிகழ்வது யாது? பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸில். அம்முதற் பந்தயத்திலேயே நம் நாட்டுப் பி. டி. உஷா, ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். கதவு திறந்த அன்றே வாயிலில் ஆள் நின்றது!

நண்பர்களே, நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டில் ஆண்களுக்கு ஓட்டம் வைக்கிறோம். பெண்களுக்குக் கோலமும் இசை நாற்காலியும் வைக்கிறோம். இவ்வாண்டு பெண்களுக்கும் 800 மீட்டர் ஓட்டம் வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன். மூவரே பெயர் கொடுத்தாலும் பந்தயத்தை நிறுத்த வேண்டா. அம்மூவரைக் கண்டவர் அடுத்த ஆண்டு வருவர். நம்பிக்கை ஓடிப் பழகிய பின் வருவது. அதனை முன்கூட்டியே கேட்பது முறையன்று. முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்க.